செரண்டிபிட்டஸ்: சேரன் தீவா, சிங்களத் தீவா?

ஏட்டுச்சுரைக்காய்:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலையும் அதே ஃபார்வர்டு. "செரண்டிபிட்டஸ் என்ற ஆங்கிலச் சொல் 'சேரன் தீவு' என்னும் தூய தமிழிலிருந்து போனது. வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான். தமிழன் என்றால் பகிரவும்." கீழே வரிசையாகக் கைகூப்பல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன். மறைத்ததாகச் சொல்லும் வெள்ளைக்காரன்தான் பிறந்த தேதியோடு எழுதி வைத்திருக்கிறான். ஹோரஸ் வால்போல் 1754 ஜனவரி 28 அன்று, ஃபிளாரன்சில் தூதராக இருந்த நண்பர் ஹோரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில், தேடாத நல்லது தற்செயலாகக் கிடைப்பதற்கு 'செரண்டிபிட்டி' என்ற பெயர்ச்சொல்லை உருவாக்கினார். செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள் கதையிலிருந்து எடுத்ததாக அவரே சொல்கிறார். உரிச்சொல்லான 'செரண்டிபிட்டஸ்' 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. செரண்டிப் என்பது அரபியர் இலங்கைக்கு வைத்திருந்த 'சரண்தீப்'. அதன் வேர் சிம்ஹலத்வீபம், பாலியில் சீஹளதீபம். இதில் சேரன் எங்கிருந்து வந்தான்?

வஞ்சிக்கோ:
வந்துவிட்டார் வாத்தியார். ஒரே கேள்வி ஐயா. சரண்தீப்பில் 'ர' இருக்கிறது. சேரனில் 'ர' இருக்கிறது. உங்கள் சீஹளத்தில் 'ர' எங்கே?

இலக்கணத்தம்பி:
அண்ணே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பொருளை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாமா? எங்கள் மேனேஜர் லிஃப்டில் யாரையாவது பார்த்தாலே 'செரண்டிபிட்டஸ் மீட்டிங்' என்கிறார். வெறும் அதிர்ஷ்டத்துக்கு இந்தச் சொல் பொருந்துமா? வால்போல் தற்செயலோடு கூர்மதியும் வேண்டும் என்று சேர்த்துத்தானே எழுதினார்?

ஏட்டுச்சுரைக்காய்:
தம்பி, அது அப்புறம். வஞ்சிக்கோ அவர்களே, பந்தல் பந்தர் ஆகிறது, சாம்பல் சாம்பர் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் போலி என்று படித்திருப்பீர்கள். நம் வீட்டுக்குள்ளேயே லகரம் ரகரமாகும்போது பாரசீகன் வாயில் ஆகக் கூடாதா? பழைய பாரசீக எழுத்தான பஹ்லவியில் ஒரே குறிதான் இரண்டு ஒலிக்கும் வரும். 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்க வணிகர் 'சியெலெதீபா' என்று லகரத்தோடே எழுதுகிறார். ரோம வரலாற்றாசிரியர் அம்மியானஸ், 362இல் பேரரசர் ஜூலியனிடம் தூதர்கள் வந்ததைச் சொல்லும்போது 'செரெண்டிவி' என்கிறார். தீவு ஒன்றுதான்.

வஞ்சிக்கோ:
ஆக, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். 4ஆம் நூற்றாண்டில் 'ர', 6ஆம் நூற்றாண்டில்தான் 'ல'. முந்தியது எது? நன்றி, வணக்கம்.

ஏட்டுச்சுரைக்காய்:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முந்தியதுதான் வேண்டும் என்றால் 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் புவியியலாளர் தாலமிக்குப் போங்கள். தீவு 'சாலிகே', மக்கள் 'சாலை'. இரண்டிலும் 'ல'. போன மாதம் கட்டுமரம் இழையிலும் இப்படித்தான் பாதியைப் படித்துவிட்டு வணக்கம் போட்டீர்கள்.

வஞ்சிக்கோ:
கட்டுமரத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று நான் சொன்னதுதான் சரி. சிலப்பதிகாரம் தெரியுமா? 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்' செங்குட்டுவன் முன்னால் வந்து நிற்கிறான். சேரனுக்கும் இலங்கைக்கும் தொடர்பே இல்லையா?

ஏட்டுச்சுரைக்காய்:
கண்ணகி விழாவுக்கு வந்தவன். கல்யாணத்துக்கு வந்தவர் ஊருக்கு மாப்பிள்ளை வீட்டார் பெயரையா வைப்பார்கள்? சேரனைப் பாடவே தொகுத்த பதிற்றுப்பத்தில் 'சேரன் தீவு' என்று ஒரு இடம் காட்டுங்கள். நான் கணக்கையே மூடிவிட்டுப் போகிறேன்.

அரைப்படி:
தேடுங்கப்பா, நல்ல வாய்ப்பு.

வடமராட்சி:
தீவுக்காரரை ஒருத்தரும் கேட்கவில்லை. பட்டினப்பாலையில் 'ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்' என்று இருக்கிறது. நெடுந்தீவு இருக்கு, காரைதீவு இருக்கு. சேரன்தீவு என்று எங்கட ஆச்சி, அப்பு ஒருத்தரும் சொன்னதில்லை.

வஞ்சிக்கோ:
அப்படியென்றால் சிங்களத் தீவு என்பதை ஏற்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

வடமராட்சி:
அரபிக்காரன் என்ன சொன்னான் என்பது வேற, தீவு ஆருடையது என்பது வேற. அதை இங்க இருந்து நீங்கள் எனக்குப் படிப்பிக்க வேண்டாம் அண்ணை.

இலக்கணத்தம்பி:
அந்த மூன்று இளவரசர்கள் கதையையாவது பார்க்கலாமே. வழியில் ஒருபக்கப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கிறது, அதுவும் மட்டமான புல். நல்ல புல் இருந்த பக்கம் அப்படியே கிடக்கிறது. ஆகவே போன ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லை. மென்று விழுந்த புல் உருண்டைகள் பல் அளவில் இருக்கின்றன, ஆகவே ஒரு பல் இல்லை. ஓரத்தில் எறும்பு மொய்த்தால் வெண்ணெய்ச் சுமை, மறு ஓரத்தில் ஈ மொய்த்தால் தேன் சுமை. இளவரசர்கள் கண்ணால் பார்க்காமலே சொல்கிறார்கள். இது துப்பறிதல். தேடாதது கிடைத்ததாக எங்கே வருகிறது? வால்போல் தன் சொல்லுக்கே தப்பான உதாரணம் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஏட்டுச்சுரைக்காய்:
வால்போல் ஒட்டகத்தையே கோவேறு கழுதை என்று எழுதினவர். 1557இல் வெனிசில் அச்சான இத்தாலிய நூலில் ஒட்டகம்தான். அந்தக் கதைக்கு மூலம் தில்லியில் கவிஞர் அமீர் குஸ்ரு பாரசீகத்தில் எழுதிய காவியம். நான் சொல்ல வந்தது, பாரசீகம் வழியாக வந்ததால்தான் லகரம் ரகரமானது.

வஞ்சிக்கோ:
நான்கு மந்திரிகள் கதை என்று தமிழிலேயே இந்த ஒட்டகம் இருக்கிறது. அதையும் பாரசீகன்தான் கொடுத்தானா?

ஏட்டுச்சுரைக்காய்:
ஒட்டகம் தமிழ்நாட்டு மேய்ச்சல் மிருகமா?

அரைப்படி:
நீங்கள் இருவரும் கவனிக்காத ஒன்று. செரண்டி'பிட்ட'ஸ். நடுவில் பிட்டு இருக்கிறது. சேர நாட்டுக் காலை உணவு. வழக்கு முடிந்தது.

வடமராட்சி:
பிட்டு சேர நாட்டதா? அங்க குழலுக்குள்ள அடைச்சு உருளையாகத் தள்ளுவார்கள். எங்கட ஊரில பனையோலை நீத்துப்பெட்டியில அவிச்சு எடுக்கிறது. உதிரியாக, பூப்போல இருக்கும். இரண்டையும் ஒன்று என்று சொல்லாதேங்கோ.

வஞ்சிக்கோ:
நீத்துப்பெட்டி பிந்தி வந்தது. முதலில் குழல்தான்.

வடமராட்சி:
ஆதாரம்?

அரைப்படி:
சர்க்கரை போடுவீர்களா, மீன் குழம்பா?

ஏட்டுச்சுரைக்காய்:
இழை பிட்டு மண் சுமக்கப் போய்விட்டது. நான் கேட்டது எளிது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று நிஜமாகவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் இருக்கும்போது கடன் வாங்கிய பெருமை எதற்கு? பதிற்றுப்பத்தில் இடம் கேட்டேனே, வந்ததா?

வஞ்சிக்கோ:
முதலில் என் 'ர'வுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படிக்கவும்.

வஞ்சிக்கோ:
படித்தேன். பந்தல் போட்டிருக்கிறீர்கள், 'ர' இல்லை.

இலக்கணத்தம்பி:
அப்போது எங்கள் மேனேஜர் சொல்வது சரியா தப்பா?

வஞ்சிக்கோ:
தம்பி, அவர் எந்த ஊர்?