பண்ணை வண்டியில் ரேடியோ, லைட், பம்ப்: வயரிங் செய்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கிராஞ்சி கீரை:

சிங்கப்பூரில் நியோ தியூ பக்கம் ஒரு கீரைப் பண்ணையில் கரண்டு, பம்ப், வண்டி எல்லாம் பார்ப்பது என் வேலை. உரமூட்டையும் கீரைக் கூடையும் ஏற்றி ஓட ஒரு டீசல் வண்டி இருக்கிறது. பின்னால் தொட்டி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூரை, கதவு கிடையாது. பதிவு எண் இல்லாத வண்டி, அதனால் வேலியைத் தாண்டாது. விடியற்காலையில் அறுவடைக்கு இறங்கும் தம்பிகளுக்குத் தமிழ் வானொலி ஒலி 96.8 வேண்டும். ஃபோனிலேயே கேட்கலாமே என்றார் முதலாளி. ஈரக் கையும் சேறுமாக ஃபோனை யார் தொடுவது என்று சொன்னதும் சம்மதித்தார். ரேடியோ என்று தொடங்கியது, அப்புறம் எல்இடி பார் என்கிற நீள விளக்கு, மஞ்சள் சுழல் விளக்கு, மருந்தடிக்கும் பம்ப், யூஎஸ்பி சார்ஜர் என்று நீண்டுவிட்டது.

ரேடியோ செட்டை வாங்கும் முன் ஆம்பியர் கணக்குப் போடுங்கள். 72 வாட் எல்இடி பார் என்றால் 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். சின்ன டயஃப்ரம் பம்ப் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். செட் சத்தமாகப் பாடினால் மூன்று நான்கு. சார்ஜரும் சுழல் விளக்கும் சேர்ந்தால் மொத்தம் இருபதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர்; இந்த வண்டிகளில் அது கார் அளவுக்குப் பெரியதில்லை, ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடும்போது இன்னும் குறைவாகத்தான் கொடுக்கும். வண்டியை நிறுத்தி வைத்து மருந்தடிக்கும்போது கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் ஏற்றி வையுங்கள். மீட்டரில் பேட்டரி 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏறவில்லை, பேட்டரியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டேஷ்போர்டில் ஏற்கெனவே இருக்கும் சாக்கெட் வயரில் எல்லாவற்றையும் கோர்த்துவிடுவதுதான் பல வண்டிகளில் நான் பார்த்தது. அந்த வயர் ஒரு ஃபோன் சார்ஜருக்குப் போட்டது, அதைத் தொடவே வேண்டாம். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனியாக ஒரு தடித்த வயர் இழுங்கள், 6 சதுர மில்லிமீட்டர் போதும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் மெயின் ஃப்யூஸ். அங்கிருந்து சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஃப்யூஸ் பாக்ஸ், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃப்யூஸ். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை, செட்டை அல்ல. செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஃப்யூஸ் போட்டால், நடுவில் வயர் உரசித் தேய்ந்து ஃப்ரேமில் பட்டதும் வயரே பற்றி எரியும்.

பாருக்கும் பம்புக்கும் ரிலே கட்டாயம் வேண்டும். சின்னக் கரண்டில் உள்ளே இருக்கும் காயில் வேலை செய்து பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது, கால்களில் எண் போட்டிருக்கும். 30இல் ஃப்யூஸ் வழியாக வரும் பேட்டரி, 87இல் லோடு, 86இல் சுவிட்சிலிருந்து வரும் வயர், 85இல் எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. சுவிட்ச் வழியாகப் போவது காயில் இழுக்கும் 0.15 ஆம்பியர் மாதிரிதான், அதனால் டேஷ்போர்டு சுவிட்ச் சூடேறாது. ரிலே, ஃப்யூஸ் ஹோல்டர், சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஸ்லீவ் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் ஒரே நடையில் கிடைக்கும். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017இல் மூடாமல் இருந்திருந்தால் ஸ்பீக்கரும் அங்கேயே அள்ளியிருப்பேன்.

செட்டில் மஞ்சள் வயர் எப்போதும் உள்ள 12 வோல்ட்டுக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் வோல்ட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. மஞ்சளையும் சாவியில் கொடுத்தால் ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் ஸ்டேஷன் மெமரி போய்விடும். சிவப்பையும் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் செட் தூங்காது. வார இறுதி முழுக்க வண்டி நின்றால் திங்கட்கிழமை ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும்.

என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு கோளாறு எர்த்தில்தான். பக்கத்துப் பண்ணை வண்டி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சத்தம் கூட்டினால் செட் அணைந்து மறுபடி எரிகிறது. செட்டை மாற்றியும் பார்த்துவிட்டார்களாம். செட் ஓடும்போதே மீட்டரின் ஒரு முனையைச் செட்டின் கறுப்பு வயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். 0.1க்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில் பாஸ் நோட் வரும்போதெல்லாம் 1.8 வோல்ட் துள்ளியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் வாஷருக்கு அடியில் ஃபேக்டரி பெயின்ட் அப்படியே இருக்கிறது, போல்ட் மரையில் மட்டும் ஒரு மயிரிழை உலோகத் தொடர்பு, அதுவும் துருப்பிடித்து. தனி எர்த் வயரைப் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் நேராக இழுத்துக் கொடுத்தேன், 0.04க்கு இறங்கியது. அந்தப் பழைய செட் கெட்டே போகவில்லை. அதை இப்போது அவர்கள் பேக்கிங் ஷெட்டில் மாட்டிப் பாட்டுக் கேட்கிறார்கள்.

தண்ணீர் விஷயம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர். ஆனாலும் மழையைவிட, வேலை முடிந்ததும் பிரஷர் ஜெட்டில் வண்டி கழுவுவதுதான் அதிகம் கெடுக்கிறது. படகுக்கு விற்கும் செட் கொஞ்சம் விலை கூட, ஆனால் கதவில்லாத வண்டிக்கு அதுதான் சரி. வயர் செட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் பசை உருகிப் பிரிந்துவிடும், ஸ்லீவ் போடுங்கள்.

லிம் சூ காங் மீன்:

அண்ணே, எங்களுது மீன் பண்ணை. வயரிங் எல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு, ஒலி மட்டும் ஒரே கரகரப்பு. புக்கிட் பாத்தோக் ஒலிபரப்பு டவர் இங்கேருந்து ஒண்ணும் தூரமில்லை, ஸ்டேஷனைக் குத்தம் சொல்ல முடியாது. கடைசியில ஏரியல்தான். காருக்கு விக்கிற ஏரியல் காரோட தகர பாடியைத் தன்னோட மறுபாதியா வச்சுக்கிட்டு வேலை செய்யும். நம்ம கூரை பிளாஸ்டிக், அதுக்கு மறுபாதியே இல்லை. கூரைக்கு அடியில ஒரு அலுமினியத் தகடு வச்சு, ஏரியல் அடி நட்டு அதுல இறுகப் பிடிக்கிற மாதிரி போட்டோம். கம்பி நீளம் 77 சென்டிமீட்டர். 300ஐ 96.8ஆல வகுத்தா அலைநீளம் 3.1 மீட்டர், அதுல கால்வாசி. இப்ப கணீர்னு கேக்குது, ஜொகூர் பக்கத்து மலேசியத் தமிழ் வானொலி மின்னல் எஃப்எம்மும் போனஸ். தகடு வைக்கச் சோம்பலா இருந்தா, தகரம் தேவைப்படாத படகு ஏரியல் இருக்கு, அதை வாங்கிடுங்க.

டீசல் மணி:

கரகரப்பு எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவி மட்டும் போட்டுக் கேளுங்க. சுத்தமா இருக்கா? பாரைப் போடுங்க. ‘ஸ்ஸ்’னு வந்தா எல்இடிக்குக் கரண்டு கொடுக்கிற டிரைவர் சர்க்யூட். சார்ஜரைச் சொருகுங்க, மலிவுச் சரக்கு பாதிக்கு மேல எஃப்எம்ல இரையும். எஞ்சினை ஓட்டுங்க, ஆக்ஸிலரேட்டரோட சேர்ந்து ஏறி இறங்குற ஊளைச் சத்தம்னா ஆல்டர்னேட்டர். டீசல்ல ஸ்பார்க் ப்ளக் கிடையாது, அதனால பெட்ரோல் வண்டி மாதிரி ‘டிக் டிக்’ வராது, ஒரு தொல்லை குறைச்சல். பம்ப் ஓடும்போது மட்டும் இரைஞ்சா மோட்டார் பிரஷ்தான், டெர்மினல் ரெண்டுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வச்சுப் பாருங்க. ஏரியல் வயரைப் பார் வயரோட சேர்த்துக் கட்டாதீங்க.

சுங்கை தெங்கா வாசி:

எங்க வண்டியை வெளியே ஒரு பட்டறையில கொடுத்தாங்க. ஸ்பீக்கர் நெகட்டிவ் நாலையும் ஒண்ணாச் சேர்த்து ஃப்ரேம்ல எர்த் பண்ணிட்டாங்க. அந்தக் காலத்துக் கேசட் செட்டுக்கு அது ஓடும். இப்ப வர்ற செட்டுல ஸ்பீக்கரோட ரெண்டு வயரும் ஆம்ப்ளிஃபயர்லேருந்து வருது, எதையும் எர்த்துல தொடவே கூடாது. வால்யூமைத் திருப்பின உடனே கருகின வாசம். செட் தரமில்லைன்னு அவங்க சொன்னாங்க, முதலாளி கொடுத்த ரசீதைத் தூக்கி மேசையில வச்சார். பாதிப் பணம் திரும்ப வந்துச்சு. கறுப்புக் கோடு போட்ட வயர் எல்லாம் எர்த்னு நினைக்கிறவங்ககிட்ட வண்டியைக் கொடுக்காதீங்க.

பக்கி டிரைவர்:

கேள்வி. எங்ககிட்ட இருக்கறது பேட்டரியில ஓடுற சின்ன பக்கி வண்டி, 48 வோல்ட். எட்டு வோல்ட் பேட்டரி இல்லை, 12 வோல்ட் பேட்டரி நாலு வரிசையா இருக்கு. அதுல ஒண்ணுலேருந்து மட்டும் செட்டுக்கு எடுக்கலாமா?

கிராஞ்சி கீரை:

எடுக்காதீங்க தம்பி. அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கூடுதலாக வடியும். சார்ஜர் நாலையும் ஒன்றாகப் பார்த்துத்தான் ஏற்றும், அதனால் அது எப்போதும் அரைகுறையாக நிற்கும், மற்ற மூன்றும் மிதமிஞ்சி ஏறும். கொஞ்ச நாளில் நாலையும் மாற்ற வேண்டி வரும். 48இலிருந்து 12க்கு இறக்கும் கன்வெர்ட்டர், உள்ளும் வெளியும் தனித்தனியாகப் பிரிந்த வகையாக வாங்கி, முழு வரிசைக்கும் குறுக்கே போடுங்கள். இன்புட் பக்கம் ஃப்யூஸ் உண்டு, மறக்க வேண்டாம். பக்கியின் ஃப்ரேமை நெகட்டிவ் என்று நம்பி எதையும் எர்த் பண்ணாதீர்கள், பல பக்கிகளில் அது எதோடும் சேர்ந்திருக்காது.

சேஃப்டி அக்கா:

பாட்டெல்லாம் சரி. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி ஆள் கத்தினா டிரைவருக்குக் கேக்குமா? எங்க இடத்துல இதனாலேயே செட்டைக் கழட்டச் சொன்னேன்.

கிராஞ்சி கீரை:

அக்கா சொல்வது நியாயம், கழற்றாமலும் வழி இருக்கிறது. பல செட்டுகளில் மியூட் வயர் உண்டு, பெரும்பாலும் பழுப்பு நிறம், எர்த் கொடுத்தால் சத்தம் அடங்கும். ரிவர்ஸ் லைட்டில் வருவது பாசிட்டிவ், ஆகவே நடுவில் ஒரு ரிலே வேண்டும்: 86இல் ரிவர்ஸ் லைட் வயர், 85இலும் 30இலும் எர்த், 87இல் மியூட் வயர். கியர் பின்னால் விழுந்ததும் பாட்டு நிற்கும், பீப்பர் மட்டும் கேட்கும். நிறம் செட்டுக்குச் செட் மாறும், வயரை வெட்டும் முன் கையேட்டில் படத்தைப் பார்த்துவிடுங்கள். முன்னால் போகும்போது வால்யூம் எவ்வளவு என்பதற்கு ரிலே கிடையாது, அதை நீங்கள்தான் தம்பிகளிடம் சொல்ல வேண்டும் அக்கா.