கம்யூனிட்டி காலேஜில் நர்சிங்: சேருவதற்கு முன் எதைப் பார்ப்பது?

மதுரைக்காரி:
வணக்கம் தோழிகளே. டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், வயது 37. போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. ஊரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துப் பதினாறு வருடமாகிறது. வீட்டுப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட ஏ.டி.என். (அசோசியேட் டிகிரி) நர்சிங் இருக்கிறது. நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வில் தேர்ச்சி 96 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். நாத்தனாரோ, "நாலு வருஷ நர்சிங் டிகிரி, பி.எஸ்.என். படிச்சாத்தான் மதிப்பு" என்கிறார். பையனுக்கு ஆறு வயது. படித்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
நான் டெக்சஸில் ஏ.டி.என். முடித்து, ஆறு வருடமாக இதய வார்டில் இருக்கிறேன். இரண்டு படிப்புக்கும் தேர்வு ஒன்றுதான், கிடைக்கும் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸும் ஒன்றுதான். அதில் கவலை வேண்டாம்.

ஆனால் அந்த 96ஐ மட்டும் நம்பிச் சேராதீர்கள். முதல் தடவை தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் அது. டெக்சஸ் நர்சிங் போர்டு 80 சதவீதம் கேட்கிறது, அதனால் எல்லாக் கல்லூரியும் அதைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும். நடுவில் வெளியேறியவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். எங்கள் பேட்ச்சில் 48 பேர் சேர்ந்தோம். படிப்பு முடித்தவர்களுக்குப் பேட்ஜ் குத்தும் பின்னிங் விழா அன்று மேடையில் 27 பேர். மருந்துக் கணக்குத் தேர்வில் 90க்குக் குறைந்தால் ஃபெயில். என் பக்கத்து சீட் பெண் 0.5 மி.கி. என்பதை, முன்னால் பூஜ்யம் போடாமல் .5 என்று எழுதினாள். புள்ளி கண்ணில் படாவிட்டால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும், அதனால் அது தப்புதான். 88 வாங்கி அந்த செமஸ்டரோடு நின்றாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆளில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் நேரில் போய்க் கேளுங்கள்: சேர்ந்தவர்களில் குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை பேர்? ஒரு பாடத்தில் தவறினால் திரும்ப இடம் கிடைக்குமா? கிளினிக்கல் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில்? எனக்கு 40 மைல் தள்ளிப் போட்டார்கள், காலை 6.30க்கு வார்டில் நிற்க வேண்டும். பையனை யார் பள்ளிக்கு அனுப்புவது என்று இப்போதே யோசியுங்கள்.

நியூயார்க் அக்கா:
நாத்தனார் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நர்சிங் தரத்துக்கான மேக்னெட் அங்கீகாரம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என்.தான் விரும்பும். எங்கள் மாநிலத்தில் 2017இல் வந்த சட்டப்படி, புதிதாக ஆர்.என். ஆகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடிக்கலாம், நான் அப்படித்தான் முடித்தேன். ஆனால் ஏ.டி.என்.னுக்கு அக்ரெடிடேஷன் இருக்கிறதா என்று பாருங்கள் தங்கச்சி. போர்டு அனுமதி வேறு, இது தனி அமைப்பு தரும் தர அங்கீகாரம். இது இல்லாவிட்டால் மேற்படிப்புக்கு நிறைய இடங்களில் சேர்க்க மாட்டார்கள்.

செல்வி_ஆஸ்டின்:
உங்கள் பழைய மைக்ரோபயாலஜியை நம்பியிருக்க வேண்டாம். அறிவியல் பாடங்கள் ஐந்து வருடத்துக்குள் படித்ததாக இருக்கவேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கும். அனாட்டமி, ஃபிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி எல்லாம் எனக்கு முதலிலிருந்துதான். படிப்பு இரண்டு வருடம் என்றால், கையில் மூன்று வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய்க் கேட்டேன். அக்ரெடிடேஷன் இருக்கிறது. போன பேட்ச்சில் 40 பேர் சேர்ந்து 31 பேர் முடித்திருக்கிறார்கள். தாளைத் தயங்காமல் எடுத்து நீட்டினார் அந்த அம்மா. மருந்துக் கணக்குக்குச் சனிக்கிழமை தனி வகுப்பும் உண்டாம். ஜூனில் அனாட்டமி எடுக்கிறேன். இரவுப்பணி அக்கா, உங்கள் பக்கத்து சீட் பெண் அப்புறம் திரும்பச் சேர்ந்தாரா?

இரவுப்பணி:
சேர்ந்தாள் தங்கச்சி. வேறு கல்லூரியில், இரண்டு வருடம் கழித்து. இப்போது குழந்தைகள் வார்டில் இருக்கிறாள்.