முதல் கணினி இயங்கவில்லை: எஸ்.எம்.பி.எஸ். பழுதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

புதியவன்_கோவை

வணக்கம். உதிரி பாகங்களை வாங்கி, முதன்முறையாக நானே ஒரு கணினியைப் பூட்டியிருக்கிறேன். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். 650 வாட்; கேபிள்கள் அனைத்தும் கழற்றி மாட்டக்கூடியவை. பின்புறச் சுவிட்சைப் போட்டதும் மதர்போர்டில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. ஆனால் கேபினெட்டின் பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விசிறிகூட அசைவதில்லை. எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும், கொண்டு வாருங்கள் என்கிறார் கடைக்காரர். எல்லாவற்றையும் கழற்றி எடுத்துச் செல்வதற்கு முன், பழுது உண்மையில் அதில்தானா என்று உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன். அதன் பச்சைக் கம்பியைப் பேப்பர் கிளிப்பால் இன்னொரு கம்பியோடு இணைத்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தனியே இயக்கிப் பார்ப்பது பாதுகாப்பானதா? கம்பிகள் எல்லாம் கறுப்பாகவே இருப்பதால் பச்சைக் கம்பி எது என்றும் தெரியவில்லை. என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது.

சால்டரிங்_மேசை

தம்பி, முறையாகச் செய்தால் ஆபத்தில்லை. பச்சைக் கம்பியில் வருவது 5 வோல்ட் அளவிலான சைகை மட்டுமே. அதைத் தரையோடு, அதாவது கிரவுண்ட் கம்பியோடு இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ். இயங்கத் தொடங்கும், மதர்போர்டும் அதைத்தான் செய்கிறது. ஆபத்து இருப்பது பெட்டிக்கு உள்ளே. அங்குள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும் என்பதால், மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

கறுப்புக் கம்பிகளில் நிறத்தைத் தேடிப் பயனில்லை, பின்களை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் ஒரு முனையில் 4 பின்கள் தனித் துண்டாகப் பிரியும். அதற்கு எதிர் முனையிலிருந்து, பூட்டும் கொக்கி இருக்கும் பக்கத்து வரிசையில் எண்ணினால் நான்காவது குழி, அதாவது 16ஆம் பின்தான் பச்சைக்கு உரிய இடம். அதையடுத்த ஐந்தாவது குழி தரை. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றிலிருந்தும் கேபிள்களை உருவிய பின், இந்த இரண்டு குழிகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்து, கையை எடுத்துவிட்டு, அதன்பிறகே சுவிட்சைப் போட வேண்டும். மதர்போர்டில் செருகும் முனையில் மட்டும் எண்ணுங்கள். பெட்டியின் பக்கத்து முனையில் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

விசிறி சுற்றவில்லை என்றால் உடனே பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்தியே வைக்கும் மாடல்கள் உண்டு.

வோல்ட்_மானி

மேலே சொன்ன முறை சரியானதே. ஆனால் கிளிப் சோதனை, எஸ்.எம்.பி.எஸ். கண் விழிக்கிறதா என்பதை மட்டும் காட்டும். மின்னழுத்தம் சரியா என்பதை மீட்டர்தான் சொல்லும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை 10 ஆம்பியர் துளையில் செருகப்பட்டிருந்தால் அளக்கும்போது ஷார்ட் ஆகிவிடும் என்பதால், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் தடத்தில், அதாவது அந்த மின்னழுத்தம் வரும் கம்பிகளில் 11.40 முதல் 12.60 வரையும், 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரையும், 3.3 வோல்ட்டில் 3.14 முதல் 3.47 வரையும் இருக்கலாம். இந்த அளவுகள் சரியாக இருந்தாலும், சுமை ஏறும்போது 12 வோல்ட் சரிகிறதா என்பது இந்தச் சோதனையில் தெரியாது.

இருந்தாலும், மதர்போர்டில் விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, அதாவது கணினி இயங்காதபோதும் எஸ்.எம்.பி.எஸ். தரும் மின்சாரம், வந்துகொண்டுதான் இருக்கிறது. எனவே பழுது வேறிடத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அளந்து முடித்ததும் கேபிள்களைத் திரும்ப மாட்டி, 24 பின் கனெக்டரின் பின்பக்கம் கம்பி நுழையும் இடத்தில் மீட்டர் முனையைச் செருகி, அதே 16ஆம் பின்னை அளந்துகொண்டே பட்டனை அழுத்துங்கள். பட்டனை அழுத்தாதபோது சில வோல்ட் காட்டும் அந்தப் பின், அழுத்தியதும் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கியும் எதுவும் இயங்கவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீதோ, எங்கோ இருக்கும் ஷார்ட் மீதோ சந்தேகம் கொள்ளலாம். இறங்கவே இல்லை என்றால், இயங்கச் சொல்லும் கட்டளையே அதற்குப் போய்ச் சேரவில்லை.

புதியவன்_கோவை

இருவருக்கும் நன்றி. கம்பித் துண்டை வைத்ததும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஆனால் மீட்டரில் 12.14, 5.04, 3.33 என்று நிலையாகவே காட்டியது. திரும்ப மாட்டி 16ஆம் பின்னை அளந்தேன். பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் 4.6 வோல்ட்டிலிருந்து அது இறங்கவில்லை.

சால்டரிங்_மேசை

அப்படியானால் இப்போதைக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடைக்குத் தூக்க வேண்டாம். கேபினெட்டிலிருந்து வரும் பவர் பட்டன் கம்பியை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, அது இருந்த இரண்டு பின்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். எந்த இரண்டு பின்கள் என்பது மதர்போர்டோடு வரும் கையேட்டில் படமாக இருக்கும்.

புதியவன்_கோவை

தொட்டவுடன் எல்லா விசிறிகளும் சுற்றின, திரையிலும் படம் வந்துவிட்டது. பட்டன் கம்பியை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பட்டனை அழுத்தினாலும் தொடர்பு கிடைக்கவில்லை.

வோல்ட்_மானி

கேபினெட்டை மாற்றித் தரும் வரை, ரீசெட் பட்டனின் கம்பியை எடுத்துப் பவர் பின்களில் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வகைச் சுவிட்சுதான். கடையில் பேசும்போது இந்த அளவுகளைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்ற வாதத்தில் நேரம் போகாது.