தூக்கத்தில் சிறுநீர் கசியும் பெண் நாய்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
கருத்தடை செய்த பெண் லாப்ரடார், 8 வயது, 30 கிலோ. படுத்து எழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சில நாள் ஒன்றும் இல்லை, சில நாள் இரண்டு முறை. விழித்திருக்கும்போது வெளியே போய்த்தான் சிறுநீர் கழிக்கிறது, முக்குவதில்லை. ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா? மருந்து வேண்டுமா, டயப்பர் போதுமா? பின்தொடையில் தோல் சிவக்க ஆரம்பித்திருக்கிறது.

பதில் 1:
கிண்ணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். கசிவுக்குப் பின்னால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், உடம்பிலிருந்து போகும் நீரை ஈடுகட்டத்தான் நாய் அதிகம் குடிக்கும். தண்ணீரை மறைத்தால் உடல் வற்றிப்போகும்.

குந்தி உட்கார்ந்து சிறுநீர் கழிப்பது வேறு, தன்னை அறியாமல் கசிவது வேறு. நீங்கள் சொல்வது இரண்டாவது. திட்டுவதோ மூக்கைத் தரையில் தேய்ப்பதோ கூடாது, அதற்கே தெரியாமல் நடக்கிறது. கருத்தடை செய்த பெரிய இனப் பெண் நாய்களில் இதற்கு முதல் காரணம் சிறுநீர்க்குழாயின் மூடுதசை தளர்வது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தபின், ‘இறுகு’ என்று நரம்பு சொன்னாலும் அந்தத் தசை முன்போல இறுகாது. உறங்கும்போது உடம்பே தளர்வதால் அப்போதுதான் வழியும். அறுவை முடிந்து பல வருடம் கழித்தும் தொடங்கலாம்.

ஆனால் அதுதான் என்று முடிவுகட்டும் முன் குடிக்கும் நீரை அளந்துவிடுங்கள். காலையில் 3 லிட்டர் அளந்து வையுங்கள், தீர்ந்தால் அளந்தே ஊற்றுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழியுங்கள். மூன்று நாள் செய்தால் சராசரி தெரியும். கிலோவுக்கு 50–60 மி.லி. சாதாரணம், 30 கிலோவுக்கு ஒன்றரை முதல் 1.8 லிட்டர். கிலோவுக்கு 100 மி.லி. தாண்டினால், அதாவது 3 லிட்டருக்கு மேல் போனால், சிக்கல் மூடுதசையில் மட்டும் இல்லை. அரிப்புக்கு பிரெட்னிசலோன் கொடுக்கிறீர்களா? அந்த ஸ்டீராய்டு ஒன்றே தாகத்தை ஏற்றிக் கசிய வைக்கும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 2:
குடித்த நீரின் அளவைக் குறித்துக்கொண்டு, யூரின் சாம்பிளையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காலையில் முதலில் சிறுநீர் கழிக்கும்போது, ஓரிரு நொடி விட்டு, சுத்தமான தட்டையான கரண்டியைப் பின்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். முன்கூட்டியே நீட்டினால் நாய் எழுந்துவிடும். தரையிலிருந்து உறிஞ்சி எடுத்தது உதவாது. உடனே கொடுக்க முடியாவிட்டால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலைச் சிறுநீரின் அடர்த்தி எண் (வெறும் நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.030க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நீரைச் செறிவாக்குகிறது என்று ஆறுதல் கொள்ளலாம். திரும்பத் திரும்ப 1.020க்குக் கீழே வந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வேண்டும் என்றால் மருத்துவரே வயிற்றின் வழியாக ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பார், வெளிக்கிருமி கலக்காது.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: சிறுநீர் கழித்து முடித்தபின்னும் பை நிறைந்திருக்கிறதா? பின்கால் நகம் தரையில் உரசுவது, வால் தொங்குவது இருந்தால் முதுகுத்தண்டுச் சிக்கலால் பை காலியாகாமல் நிரம்பி வழிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்த நாய்க்கு மூடுதசையை இறுக்கும் மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும். பரிசோதனைக்கு முன் மாத்திரை வேண்டாம் என்பது இதனால்தான்.

பதில் 3:
மூடுதசைத் தளர்ச்சிதான் என்று உறுதியானால் வழக்கமாகத் தொடங்குவது ஃபெனில்புரோபனோலமின். கிலோவுக்கு 1–2 மி.கி., பொதுவாக தினம் இருமுறை. உங்கள் நாய்க்கு வேளைக்கு 30–60 மி.கி., எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இது தசையை இறுக்குவதுபோல ரத்தக்குழாயையும் இறுக்கும், ஆகவே தொடங்கும் முன்னும் பின்னும் பிபி பார்க்க வேண்டும். அமைதியின்மை, பசியின்மை, மூச்சிரைப்பு வந்தால் டோஸைப் பற்றிப் பேசுங்கள். செலிஜிலின் (வயதான நாயின் மூளைத் தடுமாற்றத்துக்குத் தரும் மருந்து) கொடுக்கும் நாய்க்கு இது ஆகாது. வேளை தவறினால் ஈரம் திரும்பும், அதை ‘மருந்து கேட்கவில்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதர்களின் சளி மாத்திரையில் இருந்து கணக்குப் போட்டுக் கொடுப்பது ஆபத்து, அதில் வேறு மருந்துகளும் கலந்திருக்கும்.

இன்னொரு வழி எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை மாத்திரை. எடை பார்ப்பதில்லை: தினம் 2 மி.கி.யில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்துக் கட்டுப்பட்டால் 1, பிறகு 0.5, அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று, கசியாத மிகக் குறைந்த அளவுக்கு இறக்குவார்கள். பிறப்புறுப்பு வீங்கினால் டோஸ் கூடுதல் என்று பொருள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்குக் கொடுக்கக்கூடாது. உடல் பருமனாக இருந்தால் எடையைக் குறைப்பதே பாதி வைத்தியம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பரிசோதனை முடியும்வரை தோலுக்கு என்ன செய்வது? வீட்டில் குழந்தைகளுக்குப் போடும் டயப்பர் ராஷ் கிரீம் இருக்கிறது.

பதில் 1:
அது வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் ஜிங்க் ஆக்சைடு இருக்கும், நாய் நக்கினால் நஞ்சு. பின்தொடையிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் முடியைக் குட்டையாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். முழுதாக உலர்வது முக்கியம். தோல் மடிப்புக்குள் ஈரம் தங்குகிறதா என்று விரலால் விலக்கிப் பாருங்கள், சிவப்பு அங்கேதான் பிடிக்கும். படுக்கைக்கு அடியில் நீர்புகா விரிப்பு, மேலே உறிஞ்சும் துணி. டயப்பர் சில மணி நேரத்துக்குச் சரி, நனைந்ததும் மாற்ற வேண்டும், ராத்திரி முழுக்க விட்டால் புண்ணாகிவிடும். படுக்கப் போகும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப்போங்கள்.

சிவந்த இடம் கசியும் புண்ணானாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அன்றைக்கே, அந்த நேரமே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.