கராஜில் சைக்கிள் ட்ரெய்னர் போடுவது: கனடாவில் முதல் குளிர்காலம்

கேள்வி: எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் இருந்தவரை ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஓட்டுவது வழக்கம். இப்போது குடும்பத்தோடு பிராம்ப்டன் வந்திருக்கிறோம், சைக்கிளும் கூடவே வந்துவிட்டது. வேலை முடிந்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது, ரோடெல்லாம் பனி. வாடகை வீட்டில் ஒரு கார் நிற்கிற கராஜ் இருக்கிறது. அங்கே ட்ரெய்னர் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்ட்) போடலாம் என்றால், "ஃப்ரீசருக்குள் உட்கார்ந்து ஓட்டப் போறீங்களா?" என்கிறாள் மனைவி. என்ன ஹீட்டர் வாங்கலாம்? மாடியில் ஒரு சின்ன அறையும் காலியாக இருக்கிறது, பேசாமல் அங்கேயே போட்டுவிடலாமா?

பதில்: தம்பி, ஹீட்டரை இப்போதைக்கு விடுங்கள். முதலில் ஃபேன் வாங்குங்கள். கிண்டல் இல்லை. பெடலில் 200 வாட் போட்டு மிதித்தால், உடம்பு அதைப்போல மூன்று, நான்கு மடங்கைச் சூடாக வெளியே தள்ளும். 600, 700 வாட் ஹீட்டர் ஏற்கெனவே சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஆரில் எதிர்காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். கராஜில் காற்றே கிடையாது. 5 டிகிரியில் ஸ்வெட்டரோடு ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் அதைக் கழற்றி வீசிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். குளிர் பிடிப்பது விரல்களிலும் பாதத்திலும்தான். அதற்குக் கையுறையும் தடித்த சாக்ஸும் போதும். ஓட்டி முடித்ததும் போட்டுக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நடுக்கம் வருவது ஓட்டும்போது அல்ல, இறங்கிய பிறகு.

ஹீட்டர் வேண்டவே வேண்டும் என்றால் மின்சார ஹீட்டர் மட்டும். இங்கே சாதாரண பிளக் 120 வோல்ட், 15 ஆம்ப். 1500 வாட் ஹீட்டர் ஒன்றே பன்னிரண்டரை ஆம்ப் இழுக்கும். அதே லைனில் ஃபேனும் கராஜ் கதவு மோட்டாரும் இருந்தால் பிரேக்கர் விழ வாய்ப்பு உண்டு. எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஏறியதும் அணைத்துவிடுங்கள். புரோபேன் ஹீட்டர், மண்ணெண்ணெய் ஹீட்டர், கரி அடுப்பு எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

இனி, விளையாட்டில்லாத விஷயம். கார் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஷட்டர் திறந்திருந்தாலும் கராஜுக்குள் காரை ஸ்டார்ட் செய்து நிறுத்தக் கூடாது. இங்கே பலருக்கு ரிமோட் ஸ்டார்ட் பழக்கம் உண்டு. நீங்கள் உள்ளே மிதித்துக்கொண்டிருப்பது தெரியாமல், வண்டி சூடாகட்டும் என்று வீட்டுக்குள்ளிருந்தே யாராவது பட்டனை அழுத்திவிடலாம். ஆகவே குளிர்காலம் முழுக்க காரை டிரைவ்வேயில் நிறுத்துங்கள், அதுவும் ஷட்டரை ஒட்டி வேண்டாம். காலையில் பனி சுரண்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் இருந்தால் படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பட்டனை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் மாட்டித் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். புகை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நம்மவர்கள் வீட்டில் அங்கேதான் செருப்புக் குவியல். ட்ரெய்னர் ஆப்புக்கு வைஃபை வரவில்லை என்று அதில் ஒரு ஷூவை எடுத்துக் கதவிடுக்கில் செருகிவிடாதீர்கள். சைக்கிள் நிற்கப்போகிற இடத்தில் போனை வைத்து சிக்னல் பாருங்கள், வரவில்லை என்றால் ரூட்டரை நகர்த்துங்கள்.

மாடி அறை வேண்டாம். நம் ஊர் மாதிரி கான்கிரீட் தளம் இல்லை, மரச்சட்டத்தின்மேல் பலகை. ட்ரெய்னர் சத்தம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அதிர்வு சட்டம் வழியாகக் கீழே இறங்கும். பேஸ்மென்டில் வேறு குடும்பம் இருந்தால் ஒரு வாரத்தில் சண்டைதான்.

கராஜ் கான்கிரீட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தண்ணீர் வடிய வேண்டும் என்று தரையை ஷட்டர் பக்கம் சரிவாகப் போட்டிருப்பார்கள். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தால் இடுப்பு வலிக்கும். பிளைவுட் துண்டு வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே விரிக்க, சைக்கிள் கடை மேட்டைவிடக் குதிரை லாயத்துக்குப் போடுகிற ரப்பர் மேட் நல்லது. பண்ணைச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். நாலுக்கு ஆறு அடி, முக்கால் அங்குலத் தடிமன். தூக்க இரண்டு பேர் வேண்டும், சில நாள் ரப்பர் நாற்றமும் இருக்கும். ஹேண்டில்பாரில் துண்டு போடாமல் ஓட்டாதீர்கள். வியர்வை உப்பு ஹெட்செட்டுக்குள் (ஹேண்டில்பார் திரும்ப உதவுகிற பேரிங்) இறங்கி போல்ட்டைத் தின்றுவிடும், கழற்றும்போதுதான் தெரியும்.

கேள்வி: ரொம்ப நன்றி அண்ணா. காரை வெளியே விட மனைவி சம்மதித்துவிட்டாள், பனி சுரண்டுவது என் வேலையாம். சென்னையில் நண்பரிடம் பழைய ட்ரெய்னர் ஒன்று இருக்கிறது, கொண்டுவரச் சொல்லலாமா?

பதில்: அடாப்டரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் மின்சாரம் பிரச்சினை இல்லை, பிளக் மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் அந்த எடைக்கு லக்கேஜ் வீண். இங்கேயே கிஜிஜி என்கிற விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பழையது கிடைக்கும். பனி கரைந்து எல்லோரும் வெளியே ஓட்டக் கிளம்புகிற ஏப்ரல், மே மாதங்களில் பேரம் பேச வசதி. அதுவரை பொறுக்க முடியாதென்றால், பின் டயரை உருளையில் அழுத்துகிற பழைய ரகம் மலிவாகக் கிடைக்கும்.

பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேராக மாட்டுகிற ரகம் என்றால் மூன்றைக் கேளுங்கள்: உங்கள் பின் சக்கர அச்சு குயிக் ரிலீஸா (நெம்புகோலால் இறுக்குகிற மெல்லிய கம்பி) த்ரூ ஆக்ஸிலா (திருகி மாட்டுகிற தடித்த அச்சு), அதற்கான அடாப்டர் கூட வருகிறதா, ட்ரெய்னரில் இருக்கிற ஃப்ரீஹப் (பின் பல்சக்கரங்களை மாட்டுகிற பாகம்) ஷிமானோ ரகமா ஸ்ராம் எக்ஸ்.டி.ஆரா. திரையில் ரோடு காட்டி ஓட்ட வைக்கிற ஆப்களில் ஸ்விஃப்ட்தான் (Zwift) பிரபலம், மாதக் கட்டணம் உண்டு. மைவூஷ் (MyWhoosh) இலவசம், முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள்.

வாங்கப் போகும்போது உங்கள் சைக்கிளையே காரில் போட்டுக்கொண்டு போங்கள். அங்கேயே மாட்டி, கொஞ்ச நேரம் அழுத்தி மிதித்து, பேரிங் கரகரக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.