புதுப்பிப்பு: அறுபதாம் கல்யாணப் படங்களுக்கு ஆல்பம் முடிவாகிவிட்டது

காரைக்குடி வீட்டில் நடந்த அப்பச்சியின் (அப்பாவின்) அறுபதாம் கல்யாணப் படங்களை, கோலாலம்பூர், சிங்கப்பூர், சென்னையில் இருக்கும் சொந்தங்களும் நண்பர்களும் மட்டும் பார்க்கும்படி எங்கே போடலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கூகுள் போட்டோஸ்தான். ஃபிளிக்கரில் 'குடும்பம்', 'நண்பர்கள்' என்று பிரித்துக் காட்டும் வசதி அருமை. ஆனால் இலவசக் கணக்கில் பொதுவில் வைக்காத படங்கள் 50 வரைதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். கழுத்திருவின் (நகரத்தார் கல்யாணத் தாலியின்) வேலைப்பாட்டைப் பெரிதாக்கிப் பார்க்கத்தானே ஆச்சிமார் கேட்கிறார்கள்!

எனக்குப் பெரிய கவலை லிங்க்தான். அது கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். நகையும் வெள்ளிச் சாமானும் தெரிகிற படங்கள், வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. அதனால் ஆல்பத்தின் அமைப்புகளில் லிங்க் பகிர்வை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் அவரவர் ஜிமெயில் போட்டுச் சேர்த்தேன். படம் எடுத்த இடம் தெரிவதையும் அங்கேயே நிறுத்தினேன். இந்த இரண்டையும் தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள்.

இலவச 15 ஜிபி ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான், எனவே 100 ஜிபிக்குப் பணம் கட்டிவிட்டேன். ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி தனியாக இருக்கிறது.

அடுத்தது, ஐயா (தாத்தா) ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படங்கள். பின்பக்க எழுத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டும். தேவகோட்டைப் பக்கம் அட்டையில் ஒட்டிய பழைய படங்களைப் பதமாகக் கையாளும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.