ஊர் ஆலோசனைக் குழுவுல உக்காந்து பார்த்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தச் சொல்லுங்க

கடலோரத்துக்காரி

ரொம்ப நாளா மனசுல கெடக்கு, இங்க கொட்டிடறேன். காலேஜ்காரங்க ஊருக்குள்ள வந்து பயிற்சி வகுப்பு எடுப்பாங்கல்ல, அதுக்கு ஊர்ல இருந்து ஆலோசனைக் குழுன்னு ஏழெட்டு பேரப் போடுவாங்க, அதுல நானும் ஒருத்தி. மகளிர் குழு லீடருன்னு என் பேரைக் கொடுத்துட்டாங்க, என்னை ஒரு வார்த்தை கேக்கல. கடலூர் முதுநகர் பக்கம் எங்க ஊரு. காலேஜ் பேரு வேணாம்.

மீன் ஊறுகாய், கருவாடு பேக்கிங், கணக்கு எழுதறது, இதான் பயிற்சி. நல்ல விஷயம்தான், அதக் குத்தம் சொல்லல. மொத கூட்டத்துல மேடம் கேட்டாங்க, வகுப்பு எத்தனை மணிக்கு வெச்சா சௌகரியம்னு. நான் சொன்னேன், விடிகாலைல ஹார்பர்ல ஏலத்துல எடுத்து, அன்னக்கூடையத் தூக்கிக்கிட்டு ஷேர் ஆட்டோ புடிச்சு மஞ்சக்குப்பம் திருப்பாதிரிப்புலியூர்னு வித்துட்டு வீடு வர ஒண்ணு ஒண்ணரை ஆவும், சோறாக்கி சாப்ட்டு ரெண்டரைக்கு உக்காந்தா நாலு வரைக்கும் எங்க நேரம், நாலு மணிக்கு கொழாயில தண்ணி வந்துரும், புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துரும், அதுக்கு மேல முடியாது மேடம்னு. இன்னொண்ணும் சொன்னேன், முடிஞ்சா தடைக்காலத்துல வைங்க, ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு போகாது, ஃபைபர் படகு கொண்டாறதுதான், யாவாரம் கம்மி, பாதிப் பேரு வீட்லதான் கெடப்போம்னு. மேடம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாங்க. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

அப்புறம் ஒரு நீட்டு நோட்டு வந்துச்சு, கையெழுத்து போடுங்கன்னாங்க. பக்கத்தோட அடியில எங்க பேரு வரிசையா இருக்கு, மேல முக்கா பக்கம் வெறும் காலி. ஒரு எழுத்து இல்ல. அதப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போட்டேன், அதான் இன்னைக்கும் குடையுது. பஜ்ஜி தின்ன வெரலு, நோட்டுல எண்ணெ ஆயிடுமேன்னு முந்தானையில நல்லாத் தொடச்சுட்டு வேற போட்டேன்.

வகுப்பு டிசம்பர்ல வெச்சாங்க, சாயங்காலம் நாலுலேந்து ஆறு. மொத நாளு பதினோரு பேரு. நாலாவது நாளு நானும் என் நாத்தனாரும்தான். ரெண்டு வாரத்துல மூட்டை கட்டிட்டாங்க. அடுத்த கூட்டத்துல அந்த நோட்டைப் பொரட்டிப் பார்த்தேன், "மாலை 4 மணிக்கு வகுப்பு நடத்தலாம் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது". கீழ என் கையெழுத்து. ஏகமனதாகன்ற வார்த்தைய அன்னைக்குத்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன்.

வேற யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

பண்ருட்டித் தோப்பு

அக்கா தப்பா நினைக்காதீங்க, காலித் தாள்ல கையெழுத்து போட்டது உங்க தப்புதான். சொசைட்டி லோன்ல இப்படிப் போட்டு மாட்டுன ஆளுங்க எங்க ஊர்ல எத்தனை பேரு தெரியுமா. சரி, என் கதை.

கேவிகேன்னா, அதான் வேளாண் அறிவியல் நிலையம், நம்ம பக்கம் விளக்க வேண்டாம், 1974ல நாட்டுக்கே மொத கேவிகே நம்ம புதுச்சேரியிலதான் வந்துச்சு, கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம்தான் ஆரம்பிச்சு நடத்துச்சு. அந்த மாதிரி மையங்களுக்கு அறிவியல் ஆலோசனைக் குழுன்னு உண்டு, விஞ்ஞானிங்க, பேங்க்காரங்க, கூட நம்மள மாதிரி விவசாயிங்க ஒண்ணு ரெண்டு பேரு. அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன், எந்த ஊருன்னு கேக்காதீங்க. தானே புயல் அடிச்சு (2011 டிசம்பர் 30, மறக்குமா) முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சு, சாஞ்ச மரத்த அப்புறப்படுத்த வழியில்லாம அப்படியே கெடந்து, அதுலேந்து தண்டுத் துளைப்பான் புழு நின்ன மரத்துக்கும் ஏறிக்கிட்டு இருந்த நேரம். இவங்க எங்களுக்குப் போட்டு வெச்சிருந்த பயிற்சி என்னன்னா காளான் வளர்ப்பு.

நான் பேசி என்ன ஆவப்போவுதுன்னு, ஒரு முழம் முந்திரிக் கட்டைய கோணிப்பையில போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன். என் முறை வந்தப்போ மேசை மேல வெச்சு அருவாள்ல ரெண்டாப் பொளந்தேன். வெள்ளை வெளேர்னு வெரல் நீளத்துக்கு ஒரு புழு, மரத்தூளோட வெளிய வந்து மெதுவா மிக்சர் தட்டுப் பக்கம் நகருது. பேங்க் ஆபீசர் நாற்காலிய பின்னாடி இழுத்துக்கிட்டாரு. ஒரே ஒரு சின்ன வயசு விஞ்ஞானி மட்டும் அத உள்ளங்கையில எடுத்து வெச்சுக்கிட்டு எந்த ஊரு, எத்தனை வயசு மரம், பிசின் வடியுதான்னு கேட்டாரு. காளான் போச்சு, முந்திரி வந்துச்சு. என் தோப்புலயே செயல்விளக்கம் வெச்சாங்க, புழுவ நோண்டி எடுக்கறது, அடிமரத்துக்குத் தாரும் மண்ணெண்ணெயும் ஒண்ணுக்கு ரெண்டு கலந்து பூசறது எல்லாம் காட்டுனாங்க. (இப்ப மண்ணெண்ணெய்க்கு எங்க போறதுன்றது வேற கதை.)

ஆனா ஒண்ணு. அந்தக் கட்டை என் தோப்புக் கட்டை இல்ல. பக்கத்துத் தோப்புப் பெரியவரோடது, மொத மொத கண்டுபுடிச்சு என்னைக் கூப்ட்டுக் காட்டுனதும் அவருதான். கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு தோணல, செயல்விளக்கத்தன்னைக்கும் சொல்லி அனுப்பல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு. போட்டோல நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறேன்.

திட்ட அலுவலர் 2

நான் நோட்டு எழுதற பக்கம். கோவப்படாம படிங்க. கூட்டம் முடிஞ்சு அறிக்கைய அன்னைக்கே அனுப்பணும், எழுத நேரம் இருக்காது, அதனால கையெழுத்த மொதல்ல வாங்கிடுவோம், அப்புறம் ஆபீஸ்ல உக்காந்து நிரப்புவோம். கெட்ட எண்ணம் கிடையாது. நேரம் விஷயத்துலயும், ஒன்றரை மணிக்கு வேன் டிரைவருக்கு சாப்பாட்டு நேரம், ரெண்டு மணிக்கு லேப் கிளாஸ், மூணரைக்குத்தான் பசங்கள வெளிய கூட்டிட்டு வர முடியும். தடைக்காலம்னு சொன்னீங்க, ஏப்ரல் மே எங்களுக்கு செமஸ்டர் பரீட்சை, அப்புறம் லீவு. பசங்க ஊர்லயே இருக்க மாட்டாங்க. அந்த மேடம் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க.

இதெல்லாம் சொல்றேனே தவிர எனக்கும் ஒண்ணு உறுத்திக்கிட்டுதான் இருக்கு. என்எஸ்எஸ் கேம்ப், ஏழு நாள், புதுச்சேரிக்கு மேக்க ஒரு கிராமம். ஊர்க் குழுக் கூட்டத்துல ஒரு பாட்டி எழுந்து கேட்டுச்சு, போன வருஷம் வந்த பசங்க என் பேத்திக்கு நர்சிங் விண்ணப்பம் போட்டுத் தரேன்னு மார்க் ஷீட்ட வாங்கிட்டுப் போனாங்க, அது எங்கன்னு. எனக்கு முந்தி இருந்த திட்ட அலுவலர் காலம் அது, எனக்குத் தெரியல, விசாரிக்கறேன்னேன். கூட்டம் கலைஞ்சுது. அப்பத்தான் ஒரு பையன் ஓடி வந்து சார் போன்ல லொகேஷன் ஆஃப்ல இருந்துச்சு, ஒரு போட்டோலயும் ஜியோடேக் விழலன்னான். காலேஜுக்குத் தரம் போடற நாக் குழு வருது, ஜியோடேக் (எடுத்த எடத்தோட முத்திரை) இல்லாத போட்டோ செல்லாது. போனவங்கள எல்லாம் திரும்பக் கூப்ட்டு அதே இடத்துல உக்கார வெச்சோம். கூட்டம் நடக்கற மாதிரி இருக்கணும், யாராவது நின்னு பேசற மாதிரி இருங்கன்னு பையன் சொன்னான்.

பாட்டி எழுந்துச்சு. "நான் கேட்டதையே திரும்பக் கேக்கட்டுமா தம்பி?"ன்னுச்சு. கேட்டுச்சு. அதே வார்த்தை, அதே மார்க் ஷீட்டு. போட்டோ நல்லா வந்துருச்சு. பதில் அப்பவும் யாரும் சொல்லல.

காலேஜுக்குப் போயி ரெண்டு பீரோ தேடுனேன். கெடைக்கல.

ரயிலடி

@திட்ட அலுவலர் 2 சார், வேன் டிரைவர் சாப்பாட்டு நேரம் தெரியுது, ஒரு ஊரே சோறு திங்கற நேரம் தெரியல. நல்லா இருக்கு.

எனக்குப் பெரிய கதை இல்ல. உன்னத் பாரத் அபியான்னு மத்திய அரசு திட்டம் ஒண்ணு 2014ல கொண்டு வந்தாங்க, அதுல சேர்ற ஒவ்வொரு காலேஜும் அஞ்சு கிராமத்தத் தத்து எடுக்கணும். எங்க ஊர் ஏரிக்கரையில பேனர் கட்டியிருந்தாங்க, தத்தெடுக்கப்பட்ட கிராமம்னு. எங்க தாத்தா சைக்கிள்ல வந்தவரு கால ஊனி நின்னு அதப் படிச்சுட்டு கேட்டாரு, "தத்துக் குடுத்தது எவன்டா?" அவ்ளோதான் என் அனுபவம்.

பென்சில் சீவி

பத்து வருஷம் முந்தி நானும் இப்படி ஒரு குழுவுல இருந்தேன், ரெண்டு கூட்டம் போனேன், அப்புறம் கூப்பிடல. அத விடுங்க. கடலோரத்துக்காரி அக்காவுக்கு சில விஷயம் சொல்லணும், மத்தவங்களும் குறிச்சுக்கோங்க.

மொதல்ல, கூட்டத்துக்குப் போறப்போ எழுதற நோட்டு ஒண்ணு, பத்து ரூபாதான், உங்க கையில இருக்கணும், நீங்க பேசுனத நீங்களே தேதி போட்டு எழுதிக்கணும், எழுத வரலன்னா போன்ல வாய்ஸ் ரெக்கார்டு. கையெழுத்து கேட்டா, எழுதுனத வாசிச்சுக் காட்டுங்க அப்புறம் போடறேன்னு சொல்லணும், சண்டையா சொல்லக் கூடாது, கண்ணு சரியாத் தெரியல வாசிங்கன்னு சொன்னா ஒருத்தரும் கோச்சுக்க மாட்டாங்க. அப்படியும் வாசிக்கலன்னா கையெழுத்துக்குப் பக்கத்துலயே "வாசிக்கப்படவில்லை"ன்னு எழுதிட்டுப் போட்ருங்க, இல்லன்னா உங்க பேருக்கு மேல இருக்கற காலி எடத்துக்குக் குறுக்க ஒரு கோடு இழுத்துருங்க. போட்ட பக்கத்த உடனே போட்டோ எடுத்துக்கணும். ஏற்கெனவே போட்டதுக்கு என்ன பண்றதுன்னா, அரசுக் கல்லூரியாவோ அரசு உதவி பெறற கல்லூரியாவோ இருந்தா 2005 தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி கூட்ட நடவடிக்கைக் குறிப்போட நகல் கேக்கலாம், 30 நாளுக்குள்ள குடுக்கணும், குடுக்கலன்னா அங்கயே மேல இருக்கற அதிகாரிக்கு மேல்முறையீடு. அப்புறம் அடுத்த கூட்டத்துல மொத வேலையா போன கூட்டத்துக் குறிப்ப வாசிக்கச் சொல்லுங்க, அப்ப எழுந்து நான் ரெண்டரை மணின்னுதான் சொன்னேன், திருத்துங்கன்னு கேளுங்க, அந்தத் திருத்தம் இந்தக் குறிப்புல ஏறணும். அப்புறம் தனியாப் போகாதீங்க, நாத்தனாரையும் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் பஜ்ஜி கூட்டம் முடிஞ்சு சாப்பிடுங்க, நடுவுல வேணாம், வாயில பஜ்ஜி இருக்கறவங்க ஆட்சேபணை சொல்ல மாட்டாங்க, அதுக்குத்தான் அந்த நேரத்துல நோட்ட நீட்டறாங்கன்னு என் சந்தேகம்.

பண்ருட்டித் தோப்பு

பஜ்ஜி விஷயம் நூத்துக்கு நூறு.

வீராம்பட்டினம் பேரன்

எல்லாரும் நோட்டுலயே நிக்கறீங்க, நான் சாவி பத்திப் பேசறேன்.

1998 வாக்குல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூர மையமா வெச்சு நம்ம கிராமங்கள்ல தகவல் மையம் போட்டாங்களே ஞாபகம் இருக்கா, எங்க ஊர்ல தினம் கடல் அலை எவ்ளோ உயரம்னு ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. அமெரிக்கக் கடற்படை வெப்சைட்ல இருந்து எடுத்து, தமிழ்ல, எங்க ஊர் ஆளுங்க கொரல்லயே. எடம் ஊரு குடுத்தது, மைக்ல பேசறதும் ஊர்ப் பசங்க. 2004 சுனாமியன்னைக்கு புதுச்சேரி நல்லவாடு மீனவ கிராமத்துல என்ன நடந்துச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் போன் பண்ணி சொன்னாரு, அந்த மைக்லதான் ஊர ஓடச் சொன்னாங்க, படகு போச்சு வீடு போச்சு, உயிரு போகல. அன்னைக்கு ஞாயித்துக்கெழமை. எந்த ஆபீசர் கிட்டயும் சாவி வாங்கப் போகல.

இப்ப வேற ஒரு ஊர்ல, ஒரு காலேஜ், பசங்களுக்குன்னு கம்ப்யூட்டர் ரூம் தெறந்துச்சு. நான் ஆலோசனைக் குழுவுல. சனிக்கெழமைதான் வகுப்பு. ஒரு சனிக்கெழமை போறேன், இருபது புள்ளைங்க வெளிய நிக்குது, சாவி வெச்சிருக்கற அட்டெண்டர் லீவு. ஜன்னல் கம்பியில ஒரு சின்னப் பொண்ணு மூஞ்சிய ஒட்ட வெச்சுக்கிட்டு உள்ள பார்க்குது, நாலு கம்ப்யூட்டரும் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கெடக்கு. திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டுச்சு, "அண்ணா நீங்க குழுவுல இருக்கீங்கதானே, தெறங்க". நான் பாக்கெட்டத் தடவுனேன். எதுக்குத் தடவுனேன்னு தெரியல, சாவி இல்லன்னு எனக்கே தெரியும்.

திட்ட அலுவலர் 2

சாவிய ஊர்ல குடுத்தா கம்ப்யூட்டர் காணாம போனா யார் பொறுப்பு? ஸ்டாக் ரெஜிஸ்டர்ல என் பேரு இருக்கு தம்பி, சம்பளத்துல புடிப்பாங்க.

வீராம்பட்டினம் பேரன்

அதான் சார் சொல்றேன். பொறுப்பு உங்க பேர்ல, சாவி அட்டெண்டர் கையில, எங்களுக்கு ஆலோசனை.

கடலோரத்துக்காரி

எல்லாரும் எழுதுனதுக்கு நன்றி. பண்ருட்டி அண்ணா, தப்பு என்னுதுன்னு நானே மொதல்லயே சொல்லிட்டேன், நீங்க வேற. அந்தப் பெரியவரப் போயி ஒரு தடவ பாருங்க.

திட்ட அலுவலர் சார், நீங்க மூணரைக்குத்தான் வர முடியும்னு அன்னைக்கே அந்த மேடம் சொல்லியிருந்தா சரி மூணரைன்னு நாங்களே ஒத்துக்கிட்டிருப்போம், அரை மணி நேரமாச்சும் கெடைச்சிருக்கும், தண்ணி புடிக்க வீட்டுக்கு ஒருத்தர நிறுத்திட்டு மாத்தி மாத்தி வந்திருப்போம். கேக்காத மாதிரி கேட்டதுதான் எனக்கு உறுத்துது. மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்க முடியும் சார், பள்ளிக்கூடத்துல விசாரிச்சு அந்தப் பாட்டிக்கு சொல்லுங்க.

பென்சில் சீவி சொன்ன மாதிரி நோட்டு வாங்கிட்டேன். இன்னைக்கு வாட்ஸ்அப்புல வந்துச்சு, வர்ற வியாழக்கிழமை ஆலோசனைக் குழுக் கூட்டமாம், அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும். காலைல பதினோரு மணி. நான் அப்ப மஞ்சக்குப்பத்துல கூடையோட உக்காந்திருப்பேன்.

ரயிலடி

மஞ்சக்குப்பத்துல எங்கக்கா? சங்கரா மீன் இருக்குமா?